கடல் தாண்டிய உள்நாடு

அந்தமான் நிக்கோபார் தீவுகளும் லட்சத்தீவும் 1956 நவம்பர் 1 முதல் இந்தியாவின் யூனியன் பிரதேசங்கள். அங்கே போகும் இந்தியர், டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவரைப் போல உள்நாட்டுப் பயணிதான். இருந்தும் அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா, விசா எங்கே எடுப்பது, பணத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விகள் பயண முகவர்களிடம் இன்றும் வருகின்றன. கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. அந்தமானுக்குள் நுழைய ஏதோ ஓர் அனுமதி வேண்டும் என்ற நிலை ஆங்கிலேயர் காலத்தில் உண்மையாகவே இருந்தது. லட்சத்தீவில் அந்த நிலை இன்னும் மாறவில்லை.

குழப்பத்துக்கு முதல் காரணம் தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நேர்க்கோட்டில் 1,350 கிலோமீட்டருக்கு மேல். யாங்கோனும் தாய்லாந்தின் புக்கெட்டும் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டரில், அதாவது பாதித் தொலைவில், இருக்கின்றன. வடக்கே லேண்ட்ஃபால் தீவுக்கும் மியான்மரின் கோகோ தீவுகளுக்கும் இடையே 50 கிலோமீட்டர்கூட இல்லை. தெற்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் கடைக்கோடித் தீவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்று படித்தவர்களுக்கு இந்திரா முனை ஒரு சிறு அதிர்ச்சி. கன்னியாகுமரி பெருநிலத்தின் முனை மட்டுமே; நாட்டின் முனை அதற்கும் தெற்கே, நடுக்கடலில் இருக்கிறது.

பள்ளிக்கூட வரைபடம் இந்தக் குழப்பத்தை இரு பக்கமும் வளர்க்கிறது. இந்தியாவை மட்டும் வரைந்த படத்தில் தாய்லாந்தும் சுமத்ராவும் தாளின் விளிம்புக்கு வெளியே போய்விடும். தீவுகள் நம் கிழக்குக் கரையின் தொடர்ச்சிபோலத் தோன்றும். கப்பலில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாம் என்று நினைத்தவர்கள் மூன்று நாள் பயணம் என்றதும் திகைப்பார்கள். உலக வரைபடத்தைப் பார்த்தவருக்கு நேரெதிரான முடிவு: மலேசியாவுக்குப் பக்கத்தில் இருப்பது வெளிநாடாகத்தானே இருக்க வேண்டும்? போதாததற்குத் தாய்லாந்து தன் மேற்குக் கரையையே அந்தமான் கடற்கரை என்று விளம்பரம் செய்கிறது. கிராபிக்கும் புக்கெட்டுக்கும் போய்வந்தவர்கள் அந்தமான் பார்த்தாகிவிட்டது என்று சொல்வதில் வியப்பில்லை. கடிகாரமும் தன் பங்கைச் செய்கிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. போர்ட் பிளேர் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே. சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே அங்கே விடிகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். கடிகார முள் மட்டும் நம் ஊர் நேரத்தையே காட்டும்.

தமிழகத்துக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கொண்ட நாடுகளின் வரிசையில் மாநக்கவாரத்தைச் சொல்கிறது. அது இன்றைய நிக்கோபார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. ஆனால் தமிழ்ப் பேச்சில் அந்தமான் நிலைபெற்றது வேறொரு வழியாக. அதன் பெயர் தீவாந்தர தண்டனை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேரை அனுப்பி அங்கே ஒரு குடியேற்றம் அமைத்தது. நோயும் சாவும் தாங்காமல் 1796-இல் அதைக் கைவிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் கைதிகளை அடைக்க இடம் தேடியபோது அதே தீவுகள் நினைவுக்கு வந்தன. 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகள் இறங்கினார்கள். செல்லுலார் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872 பிப்ரவரியில் அங்கே ஒரு கைதி குத்திக் கொன்ற பிறகு காவல் இன்னும் இறுகியது. அரசின் அனுமதியின்றி வெளியார் அங்கே போய்த் தங்க முடியாது. கைதியின் கழுத்தில் ஒரு மரச் சீட்டு தொங்கும். எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் எல்லாம் அதில் பொறித்திருக்கும். அந்தமானில் அடையாளச் சீட்டின் வரலாறு இந்த மரத்துண்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு விதித்த தண்டனையும் தீவாந்தரம்தான். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்தார். ஆனாலும் அந்தமான் என்றால் போனவர் திரும்பாத தேசம் என்ற எண்ணம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது.

அதே காலத்தில் வெளிநாடு என்று இன்று நாம் சொல்லும் இடங்களுக்குப் பயணம் எவ்வளவு எளிதாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். செட்டிநாட்டு வணிகரும் தஞ்சாவூர்க் கூலியாளும் பாஸ்போர்ட் இல்லாமலே ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். சட்டப்படி அது உள்நாட்டுப் பயணம். 1914-இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பலும் வந்தபின், எழும்பூரில் வாங்கிய டிக்கெட்டில் கொழும்புவரை போக முடிந்தது. மண்டபம் முகாமில் தோட்டத் தொழிலாளரை நிறுத்திச் சோதித்தது நோய்க்காக. இலங்கை தன் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது 1948-இல்தான். ஆக, 1930-இல் ஒரு தமிழருக்கு ரங்கூன் திறந்த ஊர்; அதே பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த போர்ட் பிளேர் பூட்டிய ஊர். எது உள்நாடு, எது அயல்நாடு என்ற மனக்கணக்கு அப்போதே தலைகீழாகக் கிடந்தது.

ஜப்பானியர் 1942 மார்ச் முதல் 1945 வரை தீவுகளை ஆண்டார்கள். போர் முடிந்து திரும்பிய ஆங்கிலேய அரசு கைதிக் குடியேற்றத்தைக் கலைத்தது. விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் கப்பல் கப்பலாகக் குடியேற்றப்பட்டார்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலருக்கு நிக்கோபாரின் கச்சல் தீவில் ரப்பர் தோட்ட வேலை கிடைத்தது. ஒரு தீவில் நாடற்றவராக இருந்தவர்கள் இன்னொரு தீவில் குடிமக்களானார்கள்.

இக்காலத்தில் அரசு வகுத்த விதிகள் இரு வகை. முதலாவது பழங்குடிகளைக் காக்க 1956-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம். ஜாரவா, சென்டினல், ஓங்கி மக்களின் நிலத்துக்குள் இந்தியரும் நுழையக் கூடாது. நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாஸ் வேண்டும். இரண்டாவது அயல்நாட்டவர் மீதானது. 1963-இன் ஆணை அந்தமான் நிக்கோபாரைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்தது. வெளிநாட்டுப் பயணிக்கு பாஸ்போர்ட், விசாவோடு தனி அனுமதியும் தேவைப்பட்டது. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டவர் அதற்காக வரிசையில் நின்றார்கள். 2018-இல் பல தீவுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்தமானுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஊரில் உலவும் பேச்சில் இந்த இரு விதிகளும் கலந்து கிடக்கின்றன. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போன்ற இடங்களுக்கு இந்தியருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

கப்பல் பன்னிரண்டு கடல்மைல் எல்லையைத் தாண்டிப் பன்னாட்டுக் கடலில் போகிறதே, அப்படியானால் நாட்டை விட்டு வெளியேறியதாக ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. 1967-இன் பாஸ்போர்ட் சட்டம் இந்தியாவிலிருந்து புறப்பட்டு வெளியேறுபவருக்கு பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் இந்தியத் துறைமுகத்தில் ஏறி இந்தியத் துறைமுகத்தில் இறங்குபவர் குடியேற்றச் சோதனைக்கே உட்படுவதில்லை. நடுவில் கிடக்கும் கடல் யாருடையது என்பது அங்கே எழாது.

லட்சத்தீவின் கதை இதற்கு நேர் எதிர். அது அருகில் இருக்கிறது: கொச்சியிலிருந்து அகத்தி ஏறத்தாழ 460 கிலோமீட்டர். மினிக்காய் தவிர மற்றத் தீவுகளில் பேச்சு மலையாளம். 1956 வரை அது சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. அமினி தீவுக் கூட்டம் தென்கன்னட மாவட்டத்தோடும், மற்றவை மலபார் மாவட்டத்தோடும் சேர்ந்திருந்தன. திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த வடபகுதி 1799-க்குப் பின் கம்பெனிக்கும், கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தின் தென்பகுதி பின்னர் ஆங்கிலேயருக்கும் போனதால் வந்த பிரிவினை அது. யூனியன் பிரதேசமான பிறகும் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. கவரத்திக்கு மாறியது 1964-இல். லட்சத்தீவு என்ற அதிகாரப்பூர்வப் பெயரே 1973-இல்தான் வந்தது.

இத்தனை நெருக்கம் இருந்தும், தீவில் பிறக்காத இந்தியர் அங்கே அனுமதியின்றிக் கால்வைக்க முடியாது. 1967-இன் நுழைவு, தங்கல் கட்டுப்பாட்டு விதிகள் அதைச் சொல்கின்றன. காரணம் புரியக்கூடியதே. மொத்த நிலம் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். தீவில் பிறந்தவர்கள் பெரும்பாலும் பட்டியல் பழங்குடியினர். குடிநீர் பவளப்பாறைக்கு மேல் மெல்லிய ஏடாகத் தேங்கியிருக்கிறது. வெளியார் நிலத்தைப் பிடிக்கவும் கூட்டம் நீரை வற்றடிக்கவும் அதிக நாள் ஆகாது. 2024 ஜனவரியில் பிரதமரின் லட்சத்தீவுப் பயணமும் அதையொட்டி மாலத்தீவோடு எழுந்த சச்சரவும் செய்தியானபோது, மாலத்தீவுக்குப் பதில் லட்சத்தீவுக்குக் கிளம்பிவிடலாம் என்று பலர் ஆர்வமானார்கள். மாலத்தீவு இந்தியருக்கு வந்திறங்கியதும் விசா தருகிறது. லட்சத்தீவுக்கோ முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உள்நாட்டுத் தீவுக்கு அயல்நாட்டைவிட ஒரு தாள் கூடுதலாகத் தேவைப்பட்டது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

லட்சத்தீவையும் மாலத்தீவையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பிழை. அதற்கு மினிக்காய் ஓரளவு பொறுப்பு. அங்கே பேசுவது மாலத்தீவின் திவேகி மொழியின் ஒரு வடிவம். வடமுனை மாலத்தீவுக்கு அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கவரத்திக்கு 250-க்கு மேல். இரு நாடுகளுக்கும் நடுவே எட்டுப் பாகைக் கால்வாய் ஓடுகிறது. 1976 டிசம்பரில் கையெழுத்தான கடல் எல்லை ஒப்பந்தம் மினிக்காயை இந்தியப் பக்கத்தில் உறுதிப்படுத்தியது.

பாஸ்போர்ட்டுக்கும் எல்லைக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானதல்ல என்பதற்குக் கச்சத்தீவு சான்று. 1974 ஒப்பந்தத்தால் அது இலங்கையின் தீவானது. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, அங்கே வரும் இந்திய யாத்ரீகர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகேறும் பக்தர்கள் அடையாள அட்டையோடு பெயரைப் பதிந்துகொண்டு போய்வருகிறார்கள்.

இன்றைய நிலையில் அந்தமானுக்கு விமானமேற இந்தியருக்குப் புகைப்பட அடையாள அட்டை போதும். ஆதார் உட்பட எதுவும் செல்லும். 2020 ஆகஸ்டில் சென்னை–போர்ட் பிளேர் கடலடி இணையக் கம்பி வரும்வரை அங்கே தொலைபேசி இணைப்பு தடுமாறியதும் அயல்நாட்டுத் தோற்றத்துக்குத் துணைபோனது. தொலைபேசிக் குறியீடு என்னவோ எப்போதும் உள்நாட்டு 03192-தான். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. விமான நிலையத்தின் பெயரில் சர்வதேசம் என்ற சொல் பல ஆண்டுகளாக இருந்தாலும், கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் வந்தது 2024 நவம்பரில்தான். அந்த வழியில் வருவோர் போவோருக்கு, அவர் சென்னைக்காரரே ஆனாலும், பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. லட்சத்தீவு நுழைவு அனுமதிக்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.