பென்டிரைவில் வந்த பஞ்சாயத்து

2012-ல ஒரு சாயங்காலம். மாரமங்கலத்துல பக்கத்து வீட்டுப் பையன் இலவச லேப்டாப்போட வந்து நின்னான். "அண்ணா, கணக்கு சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குது. பரீட்சை வருது."

தமிழக அரசு 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்த லேப்டாப். விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது. முதல் பதிப்பு 2007.

தப்பு லேப்டாப் மேல இல்லை. பையன் ஏற்காடு போய் பென்டிரைவில் எடுத்து வந்தது வேறொரு லினக்ஸுக்கான புது டெப் கோப்பு. அது புது லிப்சி6 நூலகத்தைக் கேட்டுச்சு. சரி, அதையும் போடலாம்னா சிஸ்டத்துல பாதி அந்த நூலகத்தை நம்பித்தான் ஓடுது. மாத்தினா வீடே ஆடிடும்!

இந்தச் சண்டை புதுசில்லை. விண்டோஸ் 98 காலத்துலயே இதுக்கு 'டிஎல்எல் நரகம்'னு பேர். ஒரு மென்பொருள் பொதுவான டிஎல்எல்லை மாத்தி வைக்கும், இன்னொன்னு படுத்துக்கும். லினக்ஸ் பக்கம் டிபிகேஜி என்ன குறையுதுன்னு சொல்லும், தேடி எடுத்து வராது. 1999 மார்ச்ல டெபியன் 2.1-ஓட வந்த ஆப்ட் அந்த வேலையையும் செஞ்சது. ஆனா அதுக்கு இணையம் வேணுமே, மலை மேல எங்கே போறது? :-)

'இது வேணும், இல்லாட்டி அது வேணும், ஆனா அது இன்னொண்ணோட சேராது'ன்னு நிபந்தனைகள் கூடக்கூட கணினிக்கே தலை சுத்தும். ஒரு பொதியை நிறுவ முடியுமாங்கிற கேள்வியே என்பி-முழுமை வகைன்னு 2000-களின் நடுவில் ஐரோப்பாவின் எடாஸ் திட்ட ஆய்வாளர்கள் நிரூபிச்சாங்க.

நாங்க செஞ்சது சுலபம். 'ஃபோர்ஸ்' போட்டுத் திணிக்கலை. அந்த பாஸ் எந்த டெபியன் வெளியீட்டிலிருந்து வந்ததுன்னு சோர்சஸ்.லிஸ்ட் கோப்புல பார்த்தோம். மறுநாள் ஏற்காட்டுல அதே வெளியீட்டுக்கான பழைய பதிப்பைத் தேடி, அது கேக்கிற நூலகங்களையும் பதிப்பு எண்களையும் பேப்பர்ல எழுதிக்கிட்டோம். வீட்டுல 'டிபிகேஜி -எல்' போட்டு ஒவ்வொண்ணா ஒப்பிட்டோம். ரெண்டே ரெண்டு குறைஞ்சது. அடுத்த பஸ்ஸுல போய் எடுத்து வந்தோம். ஏறிடுச்சு!

இன்னைக்கு ஃபிளாட்பேக், பைத்தானோட வென்வ் எல்லாம் ஒவ்வொண்ணுக்கும் தனிக்குடித்தனம் வச்சுக் கொடுக்குது. டிஸ்க்ல இடம் கூடுதலாப் போகும், சண்டை குறையும். கூட்டுக்குடும்பமா இருந்தா மட்டும் பழைய விதிதான்: புதுசாங்கிறதைவிட, இருக்கிறவங்களோட ஒத்துப்போகுமாங்கிறதை முதல்ல பாருங்க.

பையன் பரீட்சையில பாஸ். பாஸ் லினக்ஸ்லயும் பாஸ்!