இரக்கம் சட்டமான வரலாறு: வி. எஸ். பாகே

மறைந்த தலைவர் ஒருவரின் கருணையை நினைவுகூரும்போது, அவர் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதையே பெரும்பாலும் பட்டியலிடுகிறோம். அவர் மறைந்த பின்னும் ஏழை ஒருவர் அதை உரிமையோடு கேட்டுப் பெற முடிகிறதா என்பது, வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய அடுத்த கேள்வி. அக்கேள்விக்கு மகாராஷ்டிரத்தின் வி. எஸ். பாகே நல்லதொரு விடை.

சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த பாகே, 1960 முதல் 1978 வரை மாநிலச் சட்ட மேலவையின் தலைவராக இருந்தவர். வேலை கேட்கும் கிராமத்தவருக்கு அரசு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற அவரது கருத்து, 1960-களின் நடுவில் தாஸ்காவ் வட்டத்தில் சிறிய அளவில் சோதிக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் மாநிலத்தை வாட்டிய கொடும் வறட்சி அதன் தேவையை அனைவருக்கும் உணர்த்தியது.

பஞ்ச நிவாரணப் பணிகள் அதற்கு முன்பும் இருந்தன. 1880-களில் ஆங்கிலேயர் வகுத்த பஞ்ச விதிகளின்படி, பஞ்சம் வந்துவிட்டதா என்பதை அரசே தீர்மானிக்கும். மக்கள் காத்திருக்க வேண்டும். 1977-இல் நிறைவேறி, 1979 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் இந்த முறையைத் தலைகீழாக்கியது. தொழிலாளி கேட்டால் 15 நாட்களுக்குள் வேலை. தவறினால் வேலையின்மைப் படி.

இதற்கான நிதி எங்கிருந்து வந்தது என்பதும் கவனத்திற்குரியது. 1975-இல் கொண்டுவரப்பட்ட தொழில் வரி இதன் முக்கிய ஆதாரம். மும்பையில் மாதச் சம்பளம் பெறுவோரின் வரி, வறண்ட ஊர்களில் மண் வெட்டுவோரின் கூலியாயிற்று. அக்கூலி வேலையின் அளவைப் பொறுத்தது. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. பெண்கள் பெருந்திரளாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைகள் பல. கூலி தாமதமானது, கணக்குகளில் முறைகேடுகள் நிகழ்ந்தன. ஆயினும் அவற்றைத் தட்டிக்கேட்கும் தகுதியைத் தொழிலாளிக்கு அச்சட்டமே வழங்கியது. நிவாரணம் பெறுபவர் நன்றி சொல்ல வேண்டியவர். உரிமை உடையவர் வழக்குத் தொடுக்கலாம்.

பாகே 1990-இல் மறைந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு மகாராஷ்டிரமே முன்னோடி. அச்சட்டத்தின்கீழ் மண்வெட்டி பிடித்த கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அவரை அறியாமலேயே வேலை கேட்க முடிந்ததுதான் அவருடைய சாதனை.