ஆவடித் தீர்மானமும் அம்பத்தூர்க் கம்பிகளும்

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே இத்தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. சமூகம் முழுமைக்கும் இன்றியமையாத ஒரு சாதனம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அன்று எழுந்த வினாவும், அரை நூற்றாண்டுக்குப் பின் இணையத்தைக் குறித்து ஜெனீவாவிலும் துனிஸிலும் ஹைதராபாதிலும் எழுந்த வினாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

தந்தியும் தொலைபேசியும் அக்காலத்தில் சர்க்காரின் ஏகபோகம். அந்த ஏகபோகத்தின் மடியிலேதான் இந்திய இணையமும் பிறந்தது. 1986-இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் தொடங்கிய எர்நெட் வலைப்பின்னலில் சென்னை ஐ.ஐ.டி. பங்கு பெற்றிருந்தது, பொதுமக்களுக்கு சர்க்கார் நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வாசலைத் திறந்தது, தனியாருக்கு இடமளித்த கொள்கை 1998 நவம்பரில் வந்தது.

அதே 1998-இல், அதுவரை ஜான் போஸ்டல் என்ற ஒரு விஞ்ஞானியின் மேற்பார்வையில் நடந்துவந்த இணையப் பெயர், முகவரிப் பதிவுப் பணியை ஏற்பதற்காகக் கலிபோர்னியாவில் ஐகான் என்ற ஸ்தாபனம் உருவாயிற்று. உலகம் முழுவதும் பயன்படுத்தும் சாதனத்தின் பெயர்ப் பதிவேடு ஒரே தேசத்தின் வர்த்தக இலாகாவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இருப்பது நியாயமா என்ற ஆட்சேபம் ஐ.நா. கூட்டிய தகவல் சமுதாய உச்சிமாநாட்டில், 2003-இல் ஜெனீவாவிலும் 2005-இல் துனிஸிலும், வலுப்பெற்று, முடிவெடுக்கும் அதிகாரமின்றி விவாதிக்க மட்டும் கூடும் ஒரு மன்றமாக 2006-இல் ஏதென்ஸில் உருவெடுத்தது. அதன் மூன்றாம் கூட்டம் 2008 டிசம்பரில் ஹைதராபாதில் நடந்தது. இந்திய சர்க்காரின் நிலைப்பாடு இவ்விஷயத்தில் ஒரே சீராக இருக்கவில்லை. 2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் ஐம்பது நாடுகளின் குழுவொன்று இணையக் கொள்கையை வகுக்கவேண்டும் என்று கேட்ட அதே சர்க்கார், 2015-இல் அரசுகளும் நிறுவனங்களும் அறிஞர்களும் பொதுமக்களும் சேர்ந்து நிர்வகிக்கும் முறையே உசிதம் என்று அறிவித்தது. இரண்டாவது நிலையே சரியானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஐம்பது அரசுகள் கூடும் சபையில் ஆவடியில் இணைப்புக் கொடுக்கும் சிறு கேபிள்காரருக்கு நாற்காலி கிடையாது. 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க வர்த்தக இலாகாவின் மேற்பார்வை முடிவுற்றது. ஐகான் அடுத்த மாதமே ஹைதராபாதில் கூடியது.

மாநாடுகளைப் பற்றி இவ்வளவு போதும். இணையம் திறந்திருக்கிறதா என்பதைச் சாசனங்களைவிட, ஒரு வலைப்பின்னல் மற்றொன்றைச் சந்திக்கும் இடத்தின் விதிகளே நிர்ணயிக்கின்றன. தனியார் நிறுவனங்கள் வந்த புதிதில், அம்பத்தூரிலிருந்து அண்ணாநகருக்கு அனுப்பிய மின்கடிதம்கூட, இருவரும் வெவ்வேறு நிறுவனத்தின் சந்தாதாரர்களாயின், கடல் கடந்து அயல்நாடு சென்று திரும்பி வருவது சகஜம். அந்த வீண் பயணத்துக்கு அந்நியச் செலாவணியும் கொடுத்தோம். இதைத் தவிர்க்க 2003 ஜூனில் நிக்ஸி என்ற லாப நோக்கற்ற கம்பெனி பதிவாகி, நொய்டா, மும்பை, கொல்கத்தாவுடன் சென்னையிலும் பரிமாற்ற நிலையம் அமைத்தது. ஒரு பெயருக்குரிய முகவரியைத் தேடத் தொடங்கும் இடமான பதின்மூன்று மூலப் பெயர் வழங்கிகளில் ‘எஃப்’ எனப்படுவதன் பிரதி சென்னையில் நிறுவப்பட்டபின், பெயர் விசாரிப்பதற்கும் அயல்நாட்டை நம்பியிருக்கும் நிலை குறைந்தது. ஆனால் நிக்ஸியில் தகவலைக் கேட்டுப் பெறும் வலைப்பின்னலே அனுப்பியவருக்குப் பணம் தரவேண்டும் என்று வைத்த விதி, பெரும்பாலும் பெறுவதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்களைப் பாதித்தது. பொதுநலத்துக்காக எழுப்பிய சந்தையின் வாசலிலேயே சுங்கம் வைத்தது பெரும் பிழை என்று தயங்காமல் சொல்லலாம்.

அச்சிறு நிறுவனங்களின் வேலையை ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் எவரும் காணலாம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கும் கறுப்பு ஃபைபர் லாரி உரசி அறுந்துபோனால், இருவர் வந்து ஏணியைச் சாய்த்து, மேலுறையைச் சீவி, தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மிஷினில் வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறார்கள். பல வீடுகளின் இணைப்பு அந்த ஒட்டில் நிற்கிறது.

கம்பி அறாமலே இணையத்தின் திறந்த தன்மைக்கு நேர்ந்த சோதனைகளில் இரண்டு சென்னையோடு நேரடித் தொடர்புடையவை. 2012-இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் பெயர் குறிப்பிடாத பிரதிவாதிகளுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடின. ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. 2018 மே மாதத்தில், தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள்மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணைய சேவையையே நிறுத்திவைக்கச் சென்னைக் கோட்டையிலிருந்து உத்தரவு போயிற்று. முன்னதில் அதிகப்பிரசங்கித்தனம் தனியாருடையது, பின்னதில் சர்க்காருடையது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில், லட்சக்கணக்கான சாமானியர்கள் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையத்துக்கு மின்னஞ்சல் எழுதியதன் பின்னர், உள்ளடக்கத்துக்கேற்பக் கட்டணத்தில் பேதம் காட்டக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று விதி பிறந்தது. தளங்கள் சிலவற்றை மட்டும் இலவசமாகத் தர முன்வந்த ஃபேஸ்புக்கின் திட்டம் அத்துடன் இந்நாட்டில் முடிந்தது.

திறந்த தன்மையின் அடுத்த சோதனை அம்பத்தூரில் காத்திருக்கிறது. 1964-இல் சிறுதொழில்களுக்காக அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி இன்று எழுபவை ஜன்னலற்ற நெடிய தரவு மையங்கள். ஜப்பானின் என்.டி.டி. 2023-இலும், ரிலையன்ஸ் பங்குள்ள டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியிலும் இங்கே மையம் திறந்தன. எந்த நிறுவனத்தின் கம்பியையும் பேதமின்றி ஏற்பதாக இத்தகைய மையங்கள் விளம்பரம் செய்கின்றன. ஆனால் உள்ளே ஒரு ரேக்கிலிருந்து மற்றொரு ரேக்குக்கு இழுக்கும் சில கஜக் கம்பிக்கும் மாத வாடகை உண்டு. அந்த வாடகை ஆவடிக் கேபிள்காரரால் தாங்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதையும், பெறுபவரே பணம் தரும் பழைய வழக்கம் எந்த வடிவத்திலும் திரும்பக்கூடாது என்பதையும் டிராய் ஆணையம் விதியாகவே எழுதிவைப்பது அவசியம்.