சலான் கருவியின் செலவு யார் கணக்கில்? மின்னணு அபராத முறையும் விழுப்புரம் மாவட்டமும்

போக்குவரத்துக் காவலரின் கையில் இருக்கும் இ-சலான் கருவிக்கான பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை நாம் அலுவலக விவகாரமாக ஒதுக்கிவிடுகிறோம். காவலர் சாலையில் எந்த இடத்தில் நிற்பார் என்பதைக்கூட அந்தத் தலைப்பு தீர்மானிக்கக்கூடும். ஆகவே கருவிக்கான நிதி வசூலாகும் அபராதத்தோடு பிணைக்கப்படக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2018 மே மாதம் சென்னைக் காவல்துறை போக்குவரத்து அபராதத்தை ரொக்கமாக வாங்குவதைக் கைவிட்டது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-சலான் மென்பொருள், வாகனப் பதிவுக்கான 'வாகன்', ஓட்டுநர் உரிமத்துக்கான 'சாரதி' தரவுத்தளங்களோடு இணைந்தது. வண்டி எண்ணைத் தட்டினால் உரிமையாளர் விவரமும் பழைய வழக்குகளும் தெரியும். காவலருக்கும் ஓட்டுநருக்கும் இடையே பணம் கைமாற வேண்டியதில்லை. இந்த நன்மை பெரிது, அதை மறுப்பதற்கில்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136அ பிரிவும், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167அ விதியும் மின்னணுக் கண்காணிப்பை மாநிலங்களின் கடமையாக்கின. இதற்கு முன்பே, கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு சாலைப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்திருந்தது. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தனர். கருவி தேவையா என்ற கேள்விக்கு இந்த எண்ணே விடை.

நிதிக்கு வருவோம். போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் வசூலிக்கும் இணக்கக் கட்டணத்தை (நீதிமன்றம் செல்லாமல் வழக்கைத் தீர்க்கக் கட்டும் தொகை) அடிப்படையாகக் கொண்டே தமிழ்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிதி அமைந்தது. காவல்துறைக்குக் கருவிகள் வாங்க அந்நிதியும் பயன்பட்டிருக்கிறது. பார்வைக்கு இது நியாயமான ஏற்பாடு: விதி மீறுபவரே செலவை ஏற்கிறார். ஆனால் வசூல் கூடினால்தான் அடுத்த கருவி என்ற நிலை வந்துவிட்டால், விபத்து நடக்கும் வளைவை விட்டுவிட்டு எளிதில் வண்டி மடக்கக்கூடிய முனைக்குக் காவலர் நகர்வார். அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரக் காவல்துறை நகராட்சியின் வருவாய்க்காக மக்கள்மீது அபராதம் சுமத்தியதை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2015 மார்ச் அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தது. பிரிட்டன் 2000-இல் வேகக் கேமராச் செலவை அபராதத்திலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளும் முறையைச் சோதித்துப் பின்னர் நாடெங்கும் விரித்தது. கேமரா எங்கே வைக்கலாம் என்பதற்குக் கடுமையான விபத்து வரலாற்று நிபந்தனைகள் இருந்தும், வருமானத்துக்கான கருவி என்ற சந்தேகம் மக்களை விட்டு அகலவில்லை. 2007-இல் அந்தப் பிணைப்பை அரசு அறுத்தது. அதன்பின் உள்ளாட்சிகளுக்குச் சாலைப் பாதுகாப்பு மானியம் தனியே சென்றது. நமக்குப் பொருத்தமான பாடம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இதை மாநகரத்திலிருந்து பார்ப்பதைவிட விழுப்புரம் மாவட்டத்தின் மேல்சித்தாமூரிலிருந்து பார்ப்பது தெளிவு தரும். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் அவ்வூர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் மணிலா (நிலக்கடலை) மூட்டையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாடு உயர்த்திய அபராதப்படி தலைக்கவசம் இல்லையென்றால் 1,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் இம்மாநிலத்துக்கு 2025-26-இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஒரு சலான் மூன்று நாள் உழைப்பை விழுங்குகிறது. கிராமங்களில் வண்டி இரண்டு மூன்று கை மாறியும் ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயரே நீடிப்பது சகஜம். குறுஞ்செய்தி எப்போதோ வண்டியை விற்றவரின் எண்ணுக்குப் போகிறது. ஓட்டுகிறவருக்கு அபராதம் நிலுவையில் இருப்பதே தெரிவதில்லை. 167அ விதி குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்கிறது. தவறான கைக்குச் சேரும் அறிவிப்பால் அந்த விதியின் நோக்கம் நிறைவேறாது. பெயர் மாற்ற முகாம்களை ஊருக்கு ஊர் நடத்துவதையும் கருவித் திட்டத்தின் செலவாகவே கணக்கிட வேண்டும். கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிக்குள் இது அடங்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சென்னை, ஆவடி, தாம்பரம் போன்ற ஆணையரகங்களில் போக்குவரத்துக்கென்றே பெரும் படை இருக்கிறது. விழுப்புரம் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இயங்கும் மாவட்டம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் நெரிசலையும் ஊர்ப்புறச் சாலைகளையும் அது ஒருசேரக் கவனிக்கிறது. வசூலை வைத்து நிதி பங்கிட்டால் நெடுஞ்சாலைக்கே எல்லாம் போய்விடும்.

எனவே கருவி, தரவுக் கட்டணம், பழுதுபார்ப்பு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்புதல் சான்றிதழ் ஆகிய அனைத்துக்கும் காவல்துறை மானியக் கோரிக்கையில் நேரடி ஒதுக்கீடு வேண்டும். பங்கீட்டுக்கு அளவுகோல், அந்தந்த மாவட்டத்தின் விபத்து இறப்புகள். இணக்கக் கட்டணமாகச் சேரும் பணம் வளைவுகளைச் சீராக்கவும், மின்விளக்கு அமைக்கவும், விபத்து நடந்த முதல் மணி நேரத்துச் சிகிச்சைக்கும் போகட்டும். எந்தச் சாலையில் எத்தனை சலான், அங்கே விபத்து குறைந்ததா என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.