பெருங்காயம் மணந்த நாள்

2021 மே மாசம், கொரோனா இரண்டாவது அலை. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கிட்டு இருந்தது. எனக்கு வாசனையே தெரியலை. பால் அடிப்பிடிச்சதும் தெரியலை. "மூக்கு இருக்கா இல்லையா?"ன்னு தங்கமணி ஓடி வந்தாங்க. ஏழு வாரம் இப்படியே போச்சு. அப்போ பயத்துல படிச்சதுதான் இந்தப் பதிவு. நான் பி.காம்., பேங்க் ஆசாமி. விஞ்ஞானிகள் பொறுத்துக்கணும்.

முதல்ல நம்ம ஊர்க்கதை. 1970களில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகியும் அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் வாசனை தெரியாத பழ ஈக்களைத் தேடிப் பிடிச்சு, எந்த மரபணு கோளாறுன்னு ஆராய்ந்தாங்க. வெரோனிகா கென்யாவில் பிறந்த கோவாக்காரர். டப்ளினில் படிச்சு இந்தியா வந்தவர். நம்மளை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்கதான்! பெல்லாரி ரோட்டில் சித்திகி உருவாக்கிய தேசிய உயிரியல் மையத்துக்குப் பிறகு வந்தார். 2010ல் பெங்களூரிலேயே மறைந்தார்.

சரி, வாசனை பிடிக்கிற நரம்பு செல்லையே பார்க்கணும்னா? மூக்கின் உச்சியில துணை செல்களோட ஒட்டிக் கிடக்கிற அதை உயிரோட பிரிக்கணும். 1980களில் சாலமாண்டர், எலின்னு செஞ்சு பார்த்தாங்க. திசுவை நறுக்கி, என்சைம் கரைசலில் ஊற வைப்பாங்க. அதில் ஒண்ணு பப்பாளிப் பாலில் கிடைக்கிற பப்பெய்ன். கறி மெத்துன்னு வேக பப்பாளிக்காய் போடுவோமே, அதே சங்கதி! அப்புறம் சின்னக் குழாயில் மெதுவா உறிஞ்சி விட்டா செல்கள் பிரியும். அவசரப்பட்டா நுனியில இருக்கிற மெல்லிய இழைகள் உதிர்ந்துடும். வாசனையைப் பிடிக்கிறதே அதுதான். பிழைச்ச செல்லில் கண்ணாடி ஊசியை ஒட்ட வச்சு மின்சாரம் அளந்தாங்க.

1999ல் லிண்டா பக் குழு எலியின் செல்களை ஒவ்வொண்ணா பிரிச்சுச் சோதிச்சது. ஒரு செல்லுக்கு ஒரு வகை ஏற்பிதான், ஆனா ஒரு வாசனைக்குப் பல வகை செல்கள் சேர்ந்து பதில் சொல்லுதுன்னு தெரிஞ்சது. பேங்க் பாஷையில் ஜாயிண்ட் கையெழுத்து!

2020லயும் இதே வித்தைதான் உதவுச்சு. செல் செல்லா பிரிச்சுப் படிச்சதில், கொரோனா நுழையும் கதவு துணை செல்களில்தான் இருக்கு, நரம்பு செல்லில் இல்லைன்னு தெரிஞ்சது. பலருக்கு வாசனை திரும்பினதுக்கு அது ஒரு காரணம். தவிர, இந்த நரம்பு செல்கள் புதுசா முளைக்கவும் செய்யும்.

இதைப் படிச்ச ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன். எட்டாவது வாரம் ஒரு காலை, அடுக்களையிலிருந்து பெருங்காய வாசனை லேசா வந்தது. தங்கமணிகிட்ட சொல்லலை. போய் ரசத்துக்குப் பக்கத்துல சும்மா நின்னேன்.