மின் தம்பூராவின் அடிநாதம்

தம்பூராவின் நான்காம் தந்தி எழுப்பும் மந்தர ஸட்ஜத்தின் உயிர், தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலில் இருக்கிறது. மேற்சுரங்களை மலர்விப்பது அந்நூலே. இந்நாதத்தை மின்சுற்றிலே பிறப்பிக்கப் பெங்களூரில் முற்பட்டவர் பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண், 1979-இல் மின் தம்பூரா உருவாயிற்று. தாழ்ந்த சுரம் ஒன்றைப் பிறப்பித்தல் எளிது. மீட்டியதும் விரிந்து மெல்ல அடங்கும் மேற்சுரங்களை அமைப்பதன்றோ அரிது! இன்று ட்ரான்ஸ் இசைக்குச் சிந்தசைசரில் அடிநாதம் அமைப்போரும், மேற்சுரங்களை வடிகட்டியால் திறந்தும் மூடியும் இப்பாடே படுகின்றனர்.

ஊர்விட்டு வந்த நமக்கு, கனத்த மரத் தம்பூராவை இரயிலேற்றும் கவலை தீர்ந்தது. ஆயினும், பாடகருக்குப் பின்னமர்ந்து மீட்டியபடியே பாட்டுக் கற்ற மாணாக்கரின் இடம் பல மேடைகளில் காலியாயிற்று. அதை இலாபக் கணக்கில் எழுத நமக்கு மனம் வரவில்லை.