வீட்டு எண்ணெய்களின் மாற்றுப் பயன்கள் (பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறம்)

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளும் இடுக்கியின் மறையூர், வட்டவடை, குமுளிப் பகுதிகளும் தமிழ்நாட்டை ஒட்டியவை. தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்பவை. ஆலிவ் எண்ணெய் இங்கு இறக்குமதிச் சரக்கு. மத்தியதரைக்கடல் நாட்டு வீடுகளில் அது செய்யும் வேலைகளைத் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவை இங்கே பகிர்ந்துகொள்கின்றன.

தட்பவெப்பம்

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். பாலக்காட்டு வெயிலில் பெரும்பாலும் உருகியே இருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில், மார்கழிக் காலையில் புட்டியை வெந்நீரில் வைத்தால்தான் எண்ணெய் இறங்கும். நல்லெண்ணெய் அந்தக் குளிரிலும் உறையாது.

வீட்டு வேலைகள்

பருப்பு வகைகளில் விளக்கெண்ணெயைப் பிசறி வைத்தால் வண்டு விழாது. எண்ணெய்ப் படலம் முட்டைகளைப் பொரியவிடாது. கிறீச்சிடும் கதவுக் கீலுக்கும் துருவேறும் அரிவாளுக்கும் தேங்காயெண்ணெய் ஆகும். பலாப்பழம் அரியுமுன் கையிலும் கத்தியிலும் அதையே தடவுவார்கள், பால் ஒட்டாது. ஒட்டிய பாலும் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும்.

தாம்பத்தியம்

ரப்பர்ப் பாலால் செய்த ஆணுறையையும் எண்ணெய், பலாப் பாலை இளக்குவது போலவே நலிவுறச் செய்யும். உறவின்போது உராய்வைக் குறைக்கத் தேங்காயெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ பூசினால், சில நிமிடங்களிலேயே உறை வலுவிழந்து கிழியக்கூடும். அதனுடன் நீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த பசையே ஏற்றது. பாலியூரித்தேன் உறைகளை எண்ணெய் பாதிப்பதில்லை.

தமிழ் மரபில் எண்ணெய்க் குளியலுக்கு ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் உரிய நாட்கள். அன்று உறவு கூடாதென்பது பழைய கட்டுப்பாடு.

மகப்பேறு

எந்த எண்ணெயும் கருத்தரிப்பைக் கூட்டும் என்பதற்குச் சான்றில்லை. ஆய்வகச் சோதனைகளில் ஆலிவ் எண்ணெயும் நீர்சார்ந்த சில பசைகளும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைத்துள்ளன. ஆனால் இத்தகையவற்றைப் பயன்படுத்தும் தம்பதியரிடம் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்ததாக உறுதிப்படவில்லை.

பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெயின் கதை வேறு. அதிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலைப் போலவே கருப்பையையும் சுருங்கத் தூண்டும். பிரசவ வலி வரவழைக்க அதைக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணிகள் அதைக் குடிக்கலாகாது.